அமுதும் அணியும்: தணிகைத் திருப்பணி மரபு

திருச்சிற்றம்பலம்

குன்றுதோறும் ஆடி அருளும் குமரவேள் சினம் தணிந்து அமர்ந்த இடம் திருத்தணிகை. சூரனொடும் வேடரொடும் நிகழ்ந்த செரு முடிந்து, வள்ளியம்மையை மணந்து, அருளே வடிவாய் அமர்ந்தமையின் இத்தலம் இப்பெயர் பெற்றது என்பர் ஆன்றோர். பெருமான் தணிந்திருக்கும் இம்மலையில் அடியார்களின் வயிற்றுப் பசியும் தணிதல் வேண்டும். கண்ணும் செவியும் கொண்ட வேட்கையும் தணிதல் வேண்டும் என்று நம் முன்னோர் கருதினர். அக்கருத்து எவ்வாறு ஊர்ப்பணியாக மலர்ந்தது என்பதனைக் குடமுழுக்குப் பெருவிழாவினை ஒட்டி வெளிவரும் இம்மலரில் ஒருவாறு எழுதத் துணிகின்றேம்.

கோயிலுக்குப் பொருள் வழங்கும் அன்பர் பலரும் திருப்பணியை மூன்று கணக்காகப் பிரித்து வைப்பர். மடைப்பள்ளிக்கு ஒரு கணக்கு. அலங்காரத்துக்கு ஒரு கணக்கு. கட்டடத்துக்கு ஒரு கணக்கு. கணக்கு எழுதுவார்க்கு இப்பிரிவு வேண்டுவதே. ஆயினும் நம் கோயில் மரபில் இம்மூன்றும் ஒரே பணியின் மூன்று முகங்கள். அங்கே அமுது அணியாகும், அணி அமுதாகும், இரண்டையும் ஊரார் கைகள் கூடி ஒரு வடிவில் அமைக்கும். அக்கைகள் விலகிவிடின், எத்துணைப் பொருள் குவியினும் அப்பணி உயிரற்ற உடல் போல்வதாகும். இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தினையும் மலரும்

முருக வழிபாட்டின் மிகப் பழைய காட்சி ஒன்றைக் காண விரும்புவார் நக்கீரர் அருளிய திருமுருகாற்றுப்படையை நோக்குக. அந்நூல் கூறும் குன்றுதோறாடல் என்பதற்குத் தணிகையைச் சிறப்பாகக் கொள்வது பின்னோர் மரபு. நூலின் இறுதிப் பகுதியில் மலைவாழ் மக்கள் எடுக்கும் விழா ஒன்று விரித்துரைக்கப்படுகின்றது. அவர்கள் சிறிய தினையை மலரொடு கலந்து வைக்கின்றனர், கோழிக்கொடி நாட்டுகின்றனர், செந்நூல் கட்டிப் பொரி தூவுகின்றனர், மாலைகளைத் தொங்கவிட்டு, நறும்புகை எடுத்து, குறிஞ்சிப் பண் பாடிப் பல இயங்களை முழக்குகின்றனர். உயிர்ப்பலியும் அவ்விழாவில் உண்டு; அஃது அக்காலத்து மலைமக்கள் வழக்கு; இன்றைய தணிகை வழிபாட்டில் அதற்கு இடமில்லை.

ஈண்டு நாம் கருதவேண்டுவது ஒன்றே. தினை உணவு, மலர் அழகு. இரண்டையும் வேறு வேறாக வையாது ஒன்றாகக் கலந்து வைத்தனர் அம்மக்கள். அவ்விழாவை எடுத்தவர் ஊரார், பாடியவர் ஊரார், களத்தை அழகு செய்தவரும் ஊராரே. உணவும் கலையும் அமைப்பும் ஒருங்கு கூடிய ஊர்ப்பணிக்கு இதனினும் பழைய சான்று வேண்டுமோ?

வள்ளியம்மையின் வரலாறும் இதனையே வலியுறுத்தும். தணிகைக்கு அணித்தாகிய வள்ளிமலைச் சாரலில் தினைப்புனம் காத்த அம்மை, முதியவராய் வந்த பெருமானுக்குத் தேனும் தினைமாவும் அளித்தாள் என்பது புராணம். அந்தத் தேனும் தினைமாவும் இன்றும் முருகன் கோயில்களில் நிவேதனமாக விளங்குகின்றன. இனி, மாவிளக்கை நோக்குவோம். பச்சரிசியை ஊறவைத்து இடித்து, வெல்லம் கூட்டிப் பிசைந்து, நடுவே குழி செய்து நெய் வார்த்துத் திரியிட்டு ஏற்றுகின்றனர் நம் பெண்மக்கள். பிசையும்போது அஃது உணவு. குழிக்கும்போது அது வடிவம். ஏற்றும்போது அது விளக்கு. விளக்கு மலையேறியபின் அதுவே பிரசாதம். பிறிது எந்தக் கலைப்பொருள் இத்தனை நிலைகளையும் ஒரு நாழிகைக்குள் கடக்க வல்லது!

தணிகையின் சந்தனம் இன்னும் சிறந்த சான்றாகும். இந்திரன் அளித்தது என்று தலபுராண மரபு கூறும் கல்லில் அரைத்த சந்தனம் பெருமான் திருமேனிக்குச் சாத்தப்பெறும். பின்னர் அதனை அடியார்கள் பிரசாதமாகப் பெறுவர். மற்றைத் தலங்களிற்போல நெற்றியில் இடுவதினும், நீரிற் கரைத்துப் பிணி தீர்க்கும் மருந்தாகப் பருகுவதே இங்கே பெருவழக்கு. இறைவன் மேனியில் அணியாக இருந்தது அடியான் நாவில் அமுதாகின்றது.

கல்லும் செம்பும் கூறுவன

புராணச் செய்திகளை விடுத்து வரலாற்றுச் செய்திகளுக்கு வருவோம். திருத்தணி வீரட்டானேசுவரர் கோயில் பல்லவ மன்னன் அபராசிதன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், நம்பி அப்பி என்பவரால் கற்றளியாக எடுக்கப்பட்டது. அக்கோயிற் கல்வெட்டில் ஒரு வெண்பா பொறிக்கப்பெற்றுள்ளது. அதனை மன்னனே பாடியருளினான் என்று கல்வெட்டே கூறுகின்றது. பணியைச் செய்தவர் ஒருவர். பாட்டால் அதனை அணி செய்தவர் நாடாளும் வேந்தர். அண்மையிலுள்ள வேலஞ்சேரியில் 1977ஆம் ஆண்டு கிடைத்த செப்பேடுகள் அபராசிதனும் முதற் பராந்தக சோழனும் வெளியிட்டவை. தணிகை முருகன் வழிபாட்டின் தொன்மைக்கு அவை உறுதியான சான்றுகள்.

கோயிலில் அமுது எத்துணை நுட்பமாக அமைக்கப்பட்டது என்பதனைப் பாண்டி நாட்டு அம்பாசமுத்திரத்தில் உள்ள வரகுண மகாராசர் கல்வெட்டால் அறியலாம். இதுவும் 9ஆம் நூற்றாண்டினதே. அதில் அரிசி, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை என்பவற்றுக்குத் தனித்தனி அளவுகள் குறிக்கப்பட்டுள்ளன. காய்க்கறி, புளிங்கறி, பொரிக்கறி என்று கறிகள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்தமல்லி என்னும் ஐவகைக் காயங்களும் கூறப்படுகின்றன. ஒவ்வொரு பொருளின் பெயரோடும் அமுது என்னும் சொல் சேர்ந்து வரும் அழகையும் நோக்குக. கறியமுது, நெய்யமுது, தயிரமுது எனவும், வெற்றிலையை இலையமுது எனவும், பாக்கை அடைக்காயமுது எனவும் நம் கல்வெட்டுகள் வழங்கும். அளவால் ஒழுங்கும் சொல்லால் அழகும் பெற்ற உணவு அது. மிளகும் உப்பும் அவ்வூர்ச் சந்தையிற் கிடைப்பனவே. பெயரிட்ட மனமே அவற்றை உயர்த்தியது.

தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டு ஒன்று மற்றொரு பெரிய உண்மையை உணர்த்தும். முதலாம் இராசராச சோழன் தன் 29ஆம் ஆட்சியாண்டு வரை, அஃதாவது கி.பி. 1014 வரை, செய்த ஏற்பாடுகளை அது விரிக்கின்றது. பல ஊர்த் தளிச்சேரிகளிலிருந்தும் அழைத்துக் குடியமர்த்தப்பட்ட ஆடல்மகளிர் 400 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு மனையும், ஆண்டுக்கு 100 கலம் நெல் விளைவுடைய ஒரு பங்கும் வழங்கப்பட்டன. அவர்களோடு நட்டுவனார், பாடுவார், குழலூதுவார், முழவிசைப்பார் ஆகியோரும் கூறப்படுகின்றனர். அவ்வரிசையிலேயே விளக்கேற்றுவோர், குயவர், சலவைத் தொழிலாளர், தையற்காரர், தச்சர், கன்னார், கணக்கர் முதலியோரும் இடம்பெறுகின்றனர். இவர்கள் அனைவருக்கும் ஊதியம் நெல்லே. ஆடலும் பானையும் விளக்கும் தையலும் ஒரே களஞ்சியத்திலிருந்து உண்டன. கலைஞன் வேறு, தொழிலாளி வேறு என்று பிரித்த பிரிவு அக்கல்வெட்டில் இல்லை. நெல்லை அளந்த மரக்காலுக்கும் கூத்தப்பெருமான் திருப்பெயரால் ஆடவல்லான் என்றே பெயரிட்டிருந்தனர் எனின், உணவையும் கலையையும் நம்மவர் எவ்வளவு நெருக்கமாக வைத்தெண்ணினர் என்பதற்கு வேறு உரை வேண்டா.

அடியார் வரிசை

திருத்தொண்டர் வரலாற்றைத் தெய்வச் சேக்கிழார் பாடினார். பக்தி நூலாகிய அது, ஊர்த்தொழில்களின் பெருமையைப் பேசும் நூலும் ஆகும். திருநீலகண்டர் மண்கலம் வனைந்து அடியார்க்குத் திருவோடு அளித்தவர். நேசர் தறியில் அமர்ந்து ஆடை நெய்தளித்தவர். திருக்குறிப்புத் தொண்டர் காஞ்சியில் அடியார்தம் ஆடையை வெளுத்தளித்தவர். முருக நாயனார் திருப்புகலூரில் மாலை தொடுத்தவர். ஆனாயர் குழலிசைத்தவர். அரிவாட்டாயர் செந்நெல்லரிசியும் கீரையும் மாவடுவும் சுமந்து சென்றவர். இளையான்குடி மாறனார் மழையிருளில், அன்று விதைத்த நெல்லை வாரி வந்து விருந்தூட்டியவர். கலம் ஒருவர் கையில். ஆடை ஒருவர் கையில். மாலை ஒருவர் கையில். சோறு ஒருவர் கையில். இவ்வனைவரும் ஓர் ஊரில் ஒருங்கிருந்தனர் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு திருவிழா முழுமையாக அமைந்துவிடும்.

தணிகைக்கு அணித்தாகிய திருவாலங்காட்டின் பெருமையும் ஈண்டு நினைக்கத் தக்கது. காரைக்காலம்மையாரின் தெய்வ வாழ்வு ஒரு மாங்கனியில் தொடங்கிற்று. பசித்து வந்த அடியார்க்குச் சோற்றோடு கணவன் அனுப்பிய கனியையும் படைத்தார் புனிதவதியார். அக்கனி வழியே நிகழ்ந்த அற்புதம் அவரைப் பேயுருவும் பாட்டும் பெறச் செய்து, ஆலங்காட்டு அண்டமுற நிமிர்ந்தாடும் கூத்தின் கீழ் இருத்திற்று. அந்த ஆலங்காட்டிற் கிடைத்த ஆடவல்லான் செப்புத் திருமேனி இன்று சென்னை அருங்காட்சியகத்தில் உலகோர் வியக்க விளங்குகின்றது. கனி பாட்டாகி, பாட்டு கூத்தைப் போற்றி, கூத்து செப்புத் திருமேனியில் வடிவு கொண்டது. காரைக்காலில் ஆனித் திங்களில் நடைபெறும் மாங்கனித் திருவிழாவில் இறைவன் உலா வரும்போது வீட்டார் மாடியிலிருந்து கனிகளை வீச, வீதியிலுள்ளார் ஏந்திக் கொள்கின்றனர். ஒரு தாய் ஒரு விருந்தாளிக்கு இட்ட கனி இன்று ஓர் ஊரே ஊருக்கு இடும் கனியாயிற்று.

கற்கண்டும் திருப்புகழும்

தணிகை மலையில் உணவு இசையான வரலாறுகள் இரண்டு உண்டு. முதலாவது, முத்துசுவாமி தீட்சிதரைப் பற்றியது. 1775 முதல் 1835 வரை வாழ்ந்த அப்பெரியார் தணிகைக் கோயிலில் தியானத்தில் இருந்தபோது, முதியவர் ஒருவர் வந்து வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டு இட்டு மறைந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. வந்தவர் முருகப்பெருமானே என உணர்ந்த தீட்சிதர் மாயாமாளவகௌளை இராகத்தில் ஸ்ரீநாதாதி குருகுஹோ என்னும் தம் முதற் கீர்த்தனையைப் பாடினார். குருகுஹ என்பதே அவர் முத்திரையும் ஆயிற்று. நாவில் இட்ட கற்கண்டு நாதமாயிற்று.

இரண்டாவது, நம் காலத்துக்கு அண்மையது; ஊர்ப்பணி என்பதற்கு நேரான சான்றும் அதுவே. வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் 1870இல் பிறந்தவர்; இயற்பெயர் அர்த்தநாரி. அவர் மைசூர் அரண்மனையில் சமையற் பணி செய்தவர். தீராத வயிற்று நோய் வருத்தப் பழனியை அடைந்து, பெருமான் அருளால் நலம் பெற்றார். அங்கே திருப்புகழைக் கேட்டு உருகி, அதனையே தம் வாழ்வாகக் கொண்டார். பள்ளிக் கல்வி இல்லாத அவர் எழுத்துக் கூட்டிப் படித்து, அருணகிரிநாதரின் சந்தங்களை ஊரூராகப் பரப்பினார். அரசர்க்கு அறுசுவை சமைத்த கை, மக்களுக்குச் செவிச்சுவை படைத்த கையாயிற்று.

ஆங்கில ஆண்டுப் பிறப்பன்று வெள்ளைத் துரைமார் வீட்டு வாயிலில் பழத்தட்டும் மாலையும் ஏந்திக் காத்து நிற்கும் வழக்கம் அந்நாளில் இருந்தது. அதனைக் கண்டு வருந்திய சுவாமிகள், துரைகட்கெல்லாம் துரையாகிய தணிகைப் பெருமானை அந்நாளில் கண்டு வணங்குவோம் என்று அன்பர்களை அழைத்தார். ஆண்டின் நாட்களைக் குறிப்பனவாகிய 365 படிகளும் தணிகையில் உள்ளன அல்லவா? 1917ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் படித் திருவிழா தொடங்கிற்று. படிதோறும் மஞ்சளும் குங்குமமும் இட்டு, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடி ஏறுதல் அவ்விழாவின் முறை. துரைமார்க்குச் சென்ற அதே பழமும் மாலையும் மலையேறின. அவை செல்லும் வாயில் மட்டுமே மாறிற்று. சிற்பியோ தச்சனோ புதிதாக ஒன்றும் செய்யவில்லை. இருந்த படிகளையே ஏடாகக் கொண்டு, பாட்டையே எழுத்தாகக் கொண்டு அமைந்த விழா இது. சுவாமிகள் 1950இல் இறைவனடி சேர்ந்தார்; ஆண்டுதோறும் படிவிழா நடந்தே வருகின்றது. மண்டபம் கட்டுதற்குப் பொருள் வேண்டும். இத்தகைய விழா ஒன்றைத் தொடங்குதற்குக் கருத்தும் கூட்டமும் போதும் என்பதை இவ்வரலாறு காட்டும்.

காவடி என்னும் கைவினை

ஆடிக் கிருத்திகையன்று தணிகைக்கு வரும் மலர்க்காவடிகளைக் கண்டவர் மறவார். காவடி என்பது யாது? கா என்பது தோளிற் சுமக்கும் தண்டு. இருபுறமும் பாரம் தூக்கிச் சுமக்கும் பழைய உழைப்பாளியின் கருவியே அது. இடும்பன் சிவகிரியையும் சக்திகிரியையும் இவ்வாறே சுமந்தான் என்னும் கதையும் அதனையே குறிக்கும். அத்தண்டின்மேல் பிரம்பையோ மூங்கிற் சிம்பையோ வளைத்துக் கட்டி, துணி போர்த்தி, மயிற்பீலி செருகி, மலர்ச்சரம் சுற்றி, இரு முனையிலும் பாலோ தேனோ சர்க்கரையோ நிறைந்த சிறு கலசங்களைத் தொங்கவிடுகின்றனர். தச்சனும் பூத்தொடுப்பவரும் நெசவாளரும் ஆயரும் கரும்பு விளைத்தவரும் ஒரு காவடியில் கூடுகின்றனர். வளைவு சமன்பட அமையாவிடின் தோள் நோகும், ஆட்டம் கலையும், பால் சிந்தும். ஆகவே அழகுக்கு ஆன வளைவே பாரம் தாங்குவதற்கும் ஆகின்றது. முடிவில் பால் அபிடேகமாகும், சர்க்கரை பிரசாதமாகும்.

தணிகை வடவெல்லைத் தலம். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இப்பகுதி ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்தது; காவடியைப் பிரிக்கவில்லை. நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து தெலுங்கு பேசும் அடியார்கள் அன்றும் வந்தனர், இன்றும் வருகின்றனர். புளியோதரையைப் புளிஹோரா என்பர் அவர்கள். பெயர் சிறிது திரிந்தது. புளியும் நல்லெண்ணெயும் ஒன்றே. பொதட்டூர்ப்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் நெய்யும் தறிகளில் இரு மொழிகளும் ஒலிக்கின்றன. ஒரு பந்தியில் அமர்ந்து உண்டு, ஒரு மலையில் காவடி எடுப்பார்க்கு மொழி வேற்றுமை பகையாவதில்லை. எல்லையூர் ஒன்றுக்கு இதனினும் பெரிய பயன் பிறிதில்லை.

இக்காவடி கடலும் கடந்தது. மொரீசியசுத் தீவுக்கு 18ஆம் நூற்றாண்டில், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர் பலர் கொண்டு செல்லப்பட்டனர். அவர் வழியினரும் பின்சென்ற தமிழரும் அங்கே தைப்பூசக் காவடி எடுக்கின்றனர். அந்நாள் அந்நாட்டில் பொது விடுமுறை. மரச்சட்டத்தை வளைத்து மலராலும் ஓலையாலும் அழகு செய்து, பாற்கலசம் கட்டி நடந்து, வழிபாடு முடிந்தபின் வாழையிலையில் ஏழு கறிகளோடு அனைவரும் உண்கின்றனர். அவருட் பலர் தமிழ் பேசும் வழக்கை இழந்தனர். எனினும் காவடியின் வளைவையும் இலையின் ஏழு கறிகளையும் இழக்கவில்லை. நாவு மறந்த மரபினைக் கைகள் காத்து வைத்தன. கையாற் செய்யும் பணியின் ஆற்றல் அத்தகையது.

பிற இடத்துச் சான்றுகள்

இம்மரபு நமக்கே உரியதென்று செருக்க வேண்டா. பூரி செகந்நாதர் கோயில் மடைப்பள்ளியில் மட்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விறகடுப்பில் மகாபிரசாதம் சமைக்கின்றனர். ஒரு முறை பயன்பட்ட பானை மறுமுறை பயன்படாது. ஆதலின் அவ்வூர்க் குயவர்க்கு நாடோறும் தொழில் உண்டு. சமைத்ததைச் சாதி வேற்றுமையின்றி ஒருங்கிருந்து உண்கின்றனர். அமிர்தசரசுப் பொற்கோயிலில் உள்ள பொது அடுக்களையில் வருவோர் அனைவரும் தரையில் வரிசையாக அமர்ந்து உண்கின்றனர். ரொட்டி இடுவதும் காய் நறுக்குவதும் பாத்திரம் துலக்குவதும் பெரும்பாலும் தாமே முன்வரும் அன்பர்கள். இத்தாலியில் உரோமைக்கு அருகிலுள்ள கென்சானோ என்னும் ஊரில் 1778 முதல் ஒரு திருநாளில் தெரு முழுதும் மலரிதழ்களால் சித்திரம் தீட்டுகின்றனர். விழா முடிவில் சிறுவர்கள் அதன்மேல் ஓடிக் கலைத்து விடுகின்றனர். அரிசி மாவாற் கோலமிட்டு எறும்புக்கு உணவாக விடும் நம் பெண்மக்களுக்கு இச்செய்தி வியப்பாகத் தோன்றாது. நிலைத்திருக்க வேண்டுமென்று செய்யாத அழகே மீண்டும் மீண்டும் செய்யப்பெற்று நிலைக்கின்றது.

இன்றைய நிலையும் நம் கடமையும்

அன்னதானம் இக்காலத்தில் குன்றிவிட்டது என்று கூறுதல் பொருந்தாது. தணிகைப் பெருமானைப் பெரிதும் பாடிய இராமலிங்க அடிகள் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. தமிழகத் திருக்கோயில்களில் அரசின் அன்னதானத் திட்டம் 2002இல் தொடங்கிற்று. 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் திருத்தணி, திருச்செந்தூர், சமயபுரம் ஆகிய தலங்களில் நாள் முழுதும் அன்னம் வழங்கும் ஏற்பாடும் தொடங்கப்பட்டது. பழனிப் பஞ்சாமிர்தம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. மலைவாழைப்பழமும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் நெய்யும் பேரீச்சும் ஏலமும் சேர்ந்த அப்பிரசாதம், அந்த மலைச்சாரலின் விளைவு என்று சட்டமும் ஒப்புக்கொண்டது. இவையெல்லாம் மகிழத் தக்கனவே.

ஆயின் குறை வேறிடத்தில் உள்ளது. அன்பர் ஒருவர் ஒரு நாள் அன்னதானத்துக்குப் பணம் கட்டுகின்றார், பற்றுச்சீட்டு பெறுகின்றார், பெயர் பலகையில் ஏறுகின்றது. அன்று என்ன சமைத்தனர், எவ்வூர் அரிசி, யார் நறுக்கினர், யார் இலை இட்டனர் என்பதை அவர் அறியார். அலங்காரமும் அவ்வாறே. ஞெகிழி மலர்ச்சரமும் மின்விளக்குப் பலகையும் வெளியூரிலிருந்து வண்டியில் வந்து, மறுநாள் வண்டியில் ஏறிச் செல்கின்றன. அவை ஒளி தரும். ஆயின் ஊரில் ஒரு பூக்கட்டுபவர்க்கும் வேலை தாரா. அவற்றை ஆடும் மாடும் உண்ணா, மண்ணும் உண்ணாது. ஒரு முறை பயன்படுத்தி எறியும் ஞெகிழிப் பொருள்களைத் தமிழக அரசு 2019 சனவரி முதல் நாள் தடை செய்தது. எனினும் விழா முடிந்த மறுநாட் காலையில் மலைப்பாதையை நோக்குவார்க்கு அத்தடை நம் மனத்தில் இன்னும் முழுமை பெறவில்லை என்பது விளங்கும்.

யாம் இளமையில் திருமடத்திற் பயின்ற காலத்து, இலக்கணப் பாடத்துக்கு முன்னர் மாணாக்கர் அனைவரும் மாலை தொடுக்கவும் காய் நறுக்கவும் வேண்டும் என்பது விதி. கத்தரிக்காயை ஒரே அளவாக நறுக்கத் தெரியாதவன் வெண்பாவிற்குத் தளை பார்க்க மாட்டான் என்பார் எம் ஆசிரியர். அந்நாளில் அதனை நகைப்புரை என்றே கொண்டோம். மடைப்பள்ளியும் மாலைக்கட்டும் கற்பித்த அளவும் பொறுமையும் பின்னாளில் ஏடு பார்த்துப் பதிப்பிக்கும் பணிக்குத் துணை நின்றபோதுதான் அவ்வுரையின் ஆழம் புலப்பட்டது.

ஆதலின் நன்கொடையாளர் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். பொருள் தருக, அதனோடு கையும் தருக. ஆண்டில் ஒரு நாளேனும் குடும்பத்தோடு வந்து காய் நறுக்குக, பூத்தொடுக்க, இலை இடுக, எச்சில் இலை எடுக்க. நும் ஊர்த் தினையும் தேனும் வெல்லமும் மாங்கனியும் நிவேதனமாக வருக. தோரணம் மாவிலையாலும் குருத்தோலையாலும் அமைக. சிறுமியர்க்குப் புள்ளிக் கோலமும், சிறுவர்க்குக் காவடி கட்டும் முறையும் தெரிந்த முதியோர் இருக்கும்போதே கற்பிக்கப் பெறுக. ஒரு முதியவர் மறையும்போது அவரோடு ஒரு முடிச்சு, ஒரு பக்குவம், ஒரு பாட்டு மறைகின்றது. அதனைப் பின்னர் எப்பொருள் கொடுத்தும் மீட்க இயலாது.

மற்றொன்றும் கூறக் கடமைப்பட்டுள்ளேம். கலம் வனைந்தவரும் ஆடை வெளுத்தவரும் பறை முழக்கியவரும் கோயிலுக்காக உழைத்தும், அவருட் பலர் உட்செல்ல இயலாது வெளியே நிறுத்தப்பட்ட காலம் ஒன்று இருந்தது. சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் அக்கதவுகளைத் திறந்தது. சட்டம் கதவைத் திறக்கும். பந்தியில் அருகே இடம் ஒதுக்கித் தருவது நம் மனம். திருநீலகண்டரையும் திருக்குறிப்புத் தொண்டரையும் கற்சிலையாக நிறுத்தி மாலையிட்டுவிட்டு, அவர் தொழில் செய்வோரைக் கடைப்பந்தியில் அமர்த்துவோமாயின், நாம் படித்த பெரியபுராணம் எது என்று சேக்கிழார் பெருமானே கேட்பார்.

கும்பம் காட்டும் உண்மை

இம்மலரை ஏந்தியிருக்கும் அன்பர்கள் குடமுழுக்கு வேள்விச்சாலைக்குச் சென்று கண்ணால் இவ்வுண்மையைக் காணலாம். கும்பம் எவ்வாறு அமைகின்றது? தரையில் நெல்லைப் பரப்புகின்றனர். அதன்மேல் அரிசியும் எள்ளும் இட்டுத் தாமரை வரைகின்றனர். அதன்மேல் கலசத்தை வைக்கின்றனர். கலசத்தின் உடலில் நூலைக் குறுக்கும் நெடுக்குமாக இழை பிறழாது சுற்றுகின்றனர். நீர் நிறைத்து, மாவிலையும் தேங்காயும் கூர்ச்சமும் வைத்து, ஆடையும் மாலையும் சாத்துகின்றனர். உழவன் நெல், நெசவாளன் நூல், குயவன் அல்லது கன்னான் கலம், ஓவியன் தாமரை, தோட்டக்காரன் இலை ஆகிய இத்தனையும் கூடியபின்னரே அங்கே இறைவனை எழுந்தருளச் செய்கின்றனர். பாலிகைகளில் விதைத்த நவதானிய முளையும் அருகில் தளிர்த்து நிற்கின்றது.

கருவறையிலும் அதுவே முறை. திருமேனியைப் பீடத்தோடு பிணைக்கும் எண்வகை மருந்தாவன: கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். இவற்றை வெறுமனே கலந்தால் ஒட்டா. பலர் முறை வைத்து நாட்கணக்கில் இடித்தல் வேண்டும். இடி குறைந்தால் மருந்து பதம் பெறாது. மரமும் மண்ணும் பஞ்சும் தேனடையும் வெண்ணெயும் மனித உழைப்பால் ஒன்றாகி, இறைவன் திருவடியை இவ்வூரோடு பிணைக்கின்றன. பொருளை மட்டும் தட்டில் வைத்துக் கையை விலக்கிக்கொள்ளும் ஊரில் அப்பிணைப்பு எவ்வாறு இறுகும்?

கோபுரக் கலசத்தில் தானியம் நிரப்பி வைப்பதும் நம் மரபே. உச்சியில் ஒளிரும் செம்பும் பொன்னும் ஊரார் கண்ணுக்கு அணி. உள்ளே இருக்கும் வரகு ஊரார் வயிற்றுக்கு அமுது. கோயிலின் தலையில் வைத்துப் போற்றப்படுவது ஒரு கைப்பிடி விதையே என்பதை மறவாதிருப்போம். அவ்விதையை விளைக்கும் கைகளும், சமைக்கும் கைகளும், தொடுக்கும் கைகளும், பாடித் தாளமிடும் கைகளும் தணிகை மலைப்படிகளில் என்றும் ஒன்றாய்க் கூடுக. பசித்து வருவோர் உண்டு மகிழ்க. பெருமான் திருவருள் வடவெல்லை கடந்தும் தென்கடல் கடந்தும் பெருகுக.

வேலும் மயிலும் துணை.